மின்சாரத்துக்குப் பயந்து இடம்பெயர்ந்த பேணி

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த கதையை விட்டுவிடுகிறேன். போர்நிறுத்தக் காலத்தில் அந்தச் சாலையில் போன எல்லோரிடமும் அந்தக் கதை இருக்கிறது, எல்லோருடையதும் ஒரே கதைதான். என் கதை, யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் மினிபஸ்ஸின் கதவு கழன்று கடலுக்குள் விழுந்த இடத்தில் தொடங்குகிறது.

கதவு விழுந்ததை ஓட்டுநர் கவனிக்கவில்லை. கதவோடு சேர்ந்து விழாமல் தப்பிய நடத்துநர் "அண்ணை, கதவு போயிட்டுது!" என்று கத்திய பிறகுதான் வண்டி நின்றது. பாலத்தின் இரு பக்கமும் முழங்காலளவு கடல். நடத்துநர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்ததில் வண்டி சாய்ந்தது. "இடப்பக்கம்!" "இன்னும் கொஞ்சம் அங்காலை!" என்று ஆளுக்கொரு திசை சொன்னார்கள். காவலரணில் நின்ற கடற்படை வீரர் ஒருவரும் துப்பாக்கியாலேயே திசை காட்டினார். எங்கள் திருச்சியில் இப்படி நடந்திருந்தால் கதவைத் தேடுவதற்கு முன் ஒரு சண்டை நடந்திருக்கும். இங்கே கதவு கிடைத்ததும் அதைக் கூரையில் கட்டி, எல்லோரும் நடத்துநருக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

நான் ஏன் அந்த வண்டியில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் ஓர் இயற்பியல்காரன். பிஸ்மத் டைட்டனேட் என்ற பொருளோடு என் இளமையைக் கழித்தவன். அடுக்கடுக்கான பளிங்கு அது. அப்பளங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல அணுக்கள் அடுக்கி இருக்கும். அதற்குள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மின்திசை உண்டு. ஒரு பாத்தி மேல் நோக்கும், அடுத்த பாத்தி கீழ் நோக்கும். நடுவில் வயலின் வரப்பு மாதிரி ஓர் எல்லை. இந்தப் பாத்திகளை நாம் விரும்பியபடி, விரும்பிய அளவில் வெட்டுவதுதான் என் தொழில். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் ஆயிரம் பாத்தி போட முடிந்தால் நாளைக்கு ஒரு நூலகத்தையே சட்டைப் பொத்தானுக்குள் எழுதி வைக்கலாம்.

ஒரு சிக்கல் இருந்தது. பாத்தி ஒடுங்க ஒடுங்க, பக்கத்துப் பாத்தி அதை விழுங்கப் பார்க்கும். எழுதியது எத்தனை வருடம் அழியாமல் இருக்கும்? எல்லோரும் பளிங்கைச் சூடாக்கிச் சீக்கிரம் கிழடாக்கிக் கணக்குப் போடுவார்கள். உண்மையிலேயே வருடக்கணக்காகச் சும்மா இருந்த பளிங்கு யாரிடமும் கிடையாது.

ஜெர்மனியில் ஒரு மாநாட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் இதை நான் புலம்பியபோது எதிரில் இருந்த குலசிங்கம் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தீவுப்பகுதியிலே சரவணை என்ற ஊரைச் சேர்ந்தவர், என் துறைக்காரர்.

"என்னட்டை ஒண்டு இருக்கு," என்றார். "நான் யாழ்ப்பாணத்திலை படிக்கேக்கை வளத்த பளிங்கு. ஊசியாலை மின்னழுத்தம் குடுத்து அகலமான கோட்டிலை தொடங்கி, ஏலுமான மட்டும் மெல்லிசாக் கோடு போட்டனான். மெல்லிசு எவ்வளவு மெல்லிசு எண்டு எனக்கே தெரியாது. பாக்க அப்ப கருவி இல்லை. சண்டை வந்து நான் வெளிக்கிடேக்கை அக்காவிட்டைக் குடுத்திட்டு வந்தனான்."

"இப்ப இருக்குமா?"

"அக்காவிட்டைக் குடுத்தது இருக்கும்."

அவரால் போக முடியாது. அவருடைய அகதிக் கடவுச்சீட்டில் உலகத்தின் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. எனவே கதவில்லாத மினிபஸ்ஸில் நான்.

சரவணையில் குலசிங்கத்தின் அக்கா புவனேஸ்வரியின் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் அந்தச் சந்தில் மின்கம்பி போகாத வீடு அது ஒன்றுதான். சமாதானம் வந்த கையோடு அந்த ஊருக்கு மின்சாரமும் வந்திருந்தது. கம்பம் அக்காவின் வாசல் படலைக்கு நேர் எதிரே நின்றது. அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் கம்பி பிரிந்தது. அக்கா வீட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனது.

அக்காவின் கணவர் சிவஞானம் அண்ணை என்னைக் கதிரையில் இருத்தி, பனையோலை விசிறியைக் கையில் தந்தார். அந்த வெயிலில் அவர் விசிறியைத் தந்த விதத்தில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. தெற்கே சிங்கள ஊரான காலியில் சீலைக்கடை வைத்திருந்து, கலவரத்தில் அதை இழந்து ஊருக்கு வந்தவர்.

"பேணிக்குத்தானே வந்தனீர்?" என்றார் மெதுவாக, சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு. "கெதியாக் கொண்டு போம் தம்பி. அது போனாத்தான் இந்த வீட்டுக்கு லைற் வரும்."

பேணி என்றால் அங்கே தகர டப்பா. பேணுதல் என்றால் காப்பாற்றுதல் என்று படித்திருந்த எனக்கு, காப்பாற்றுவதற்கென்றே பெயர் வைத்த டப்பாவாக அது தோன்றியது.

அக்கா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். தம்பி குலசிங்கம் போகும்போது மூன்று கட்டளை இட்டுவிட்டுப் போயிருக்கிறார். சூடு படக்கூடாது, அமத்தக்கூடாது, கறண்டு படக்கூடாது. அக்கா மூன்றையும் வேதமாக எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் ஜெனரேற்றர் போட்டால் பேணியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய் நின்றார். யாராவது ரேடியோவோடு வந்தால் படலையிலேயே நிறுத்திக் கதைத்து அனுப்பினார். இடி முழங்கினால் பேணியை நெல்லுக் குதிருக்குள் இறக்கினார். ஊரோடு இடம்பெயர்ந்தபோது கழுத்தில் தாலிக்கொடியும் கையில் பேணியுமாகப் போய், பிறகு அதே இரண்டோடு திரும்பி வந்தார். அப்புறம் கம்பம் நட ஆட்கள் வந்தார்கள்.

"கம்பம் வந்த அண்டைக்கே பேணியை நயினாதீவிலை ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினனான். அங்கை திருவிழாவுக்கெண்டு பெரிய ஜெனரேற்றர் வந்துது. அப்ப நெடுந்தீவுக்கு அனுப்பினனான். அங்கை என்ரை சிநேகிதி பிலோமினா வீட்டிலை கறண்டுமில்லை, ஒண்டுமில்லை. நிம்மதியா இருக்கு. அது திரும்பி வாற வீடெண்டுதான் இங்கை லைற் எடுக்கேல்லை."

நான் இடியப்பத்தை விழுங்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பளிங்குக்குக் கம்பத்தாலோ ரேடியோவாலோ ஒரு கெடுதலும் வராது. அதன் மேலேயே இரண்டு கம்பியை வைத்து மின்சாரம் கொடுத்தால்தான் பாத்திகள் புரளும். இதை உடனே சொன்னேன்.

"கம்பத்தால ஒண்ணும் ஆகாதுக்கா. வீட்டுக்குள்ள லைட்டு எரிஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் என்ரை தம்பியைவிடக் கனக்கப் படிச்சனீரோ?"

"இல்லை. அதே படிப்புதான்."

"அப்ப அவன் சொன்னதுதான் சரி. சொதி இன்னும் விடட்டே?"

சிவஞானம் அண்ணை விசிறியைத் திருப்பி வாங்கித் தனக்கு வீசிக்கொண்டார்.

மறுநாள் நெடுந்தீவுக்குக் கிளம்பினோம், மூவருமாக. அக்கா தன் கையில் தவிர வேறு எவர் கையிலும் பேணியைக் கொடுக்கக் கூடாது என்று பிலோமினாவிடம் சொல்லி வைத்திருந்தார். துறைமுகத்தில் சிங்களம் கதைக்க ஆள் வேண்டும் என்பதால் அண்ணை. நான் எதற்கு என்று யாருக்கும் தெளிவில்லை.

குறிகட்டுவான் துறையில் படகு நிறைய ஆட்கள், கோழிகள், சீமெந்து மூட்டைகள், ஒரு தையல் மெசின். படகு புறப்பட்டுச் சற்று நேரத்தில் கடல் என் வயிற்றை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எனக்குத் தேசிக்காய் என்னும் எலுமிச்சை ஒன்றைத் தந்து, "மணந்து பாரும். இந்தியாவிலை கடல் இல்லையோ?" என்று கேட்டார். திருச்சியில் இல்லை என்றேன். பெரிய நாடாக இருந்தும் பாவம் என்று அவர் வருந்தினார்.

தீவில் இறங்கியதும் ஓர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினார்கள். சாலை என்று ஒன்று முன்பு இருந்திருக்கிறது. பவளக்கல் மதில்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய், கடலோரம் இருந்த பிலோமினா அக்காவின் வீட்டில் இறங்கியபோது என் உடம்பில் எந்தப் பாத்தியும் அதனதன் இடத்தில் இல்லை.

பிலோமினா அக்காவின் கணவர் சூசை அண்ணை தொழிலுக்குப் போய்விட்டு வந்து வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்றதும் எழுந்து நின்றார். "பேணிக்காரரோ! நாங்கள் ஒரு கிழவரை எதிர்பாத்தனாங்கள்."

பேணி சுவரில் ஒரு மாடத்தில், அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னால் ஒரு செவ்வரத்தம் பூ.

"பேணிக்கும் பூவா?" என்றேன்.

"அந்தோனியாருக்கு வைச்சது," என்றார் பிலோமினா அக்கா. பிறகு யோசித்து, "பேணிக்கும்தான். ஒரே மாடத்திலை ஒருத்தருக்கு வைச்சு மற்றாளுக்கு வைக்காட்டி வடிவில்லையே," என்றார்.

நண்டுக் கறியும் புட்டும் தந்தார்கள். படகில் பட்ட பாட்டை மறந்து சாப்பிட்டேன். அன்று செவ்வாய்க்கிழமை விரதம் என்பதால் அக்கா மட்டும் புட்டும் வாழைப்பழமும். சாப்பிட்டு முடிந்ததும் அக்கா கை கழுவி, ஈரம் துடைத்து, மாடத்தின் முன் நின்று பேணியை இரண்டு கையாலும் எடுத்தார். அதன்பின் அதை யாரும் தொட முடியவில்லை. மூடியைத் திறந்து பார்க்கவாவது விடுங்கள் என்று கேட்டேன். "உப்புக் காத்து. ஊருக்குப் போய்த் திறப்பம்," என்றார்.

வினை குறிகட்டுவானில் காத்திருந்தது.

திரும்பி வந்து இறங்கியபோது எல்லோருடைய பைகளையும் சோதித்தார்கள். மிகவும் இளைய வீரர் ஒருவர், கையில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி. பைகளின் மேல் அதைத் தடவிக்கொண்டே வந்தார். அதன் வால் போல ஒரு கம்பி தொங்கியது, அதில் சின்னச் சிவப்பு விளக்கு. அக்கா அதைப் பார்த்தார். பேணியை மார்போடு அணைத்தார்.

"உதைக் கிட்டக் கொண்டு வராதேங்கோ! அது கறண்டு!"

வீரருக்குத் தமிழ் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பெண் ஒரு தகரப் பேணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கருவியைக் கிட்டே விடாமல் அலறுகிறார் என்பதுதான். அவர் ஓர் அடி பின்னால் போனார். எங்களுக்குப் பின்னால் இருந்த வரிசையும் ஓர் அடி பின்னால் போனது. எங்கோ ஒரு துப்பாக்கியின் விசைப்பூட்டு சத்தமிட்டது.

அதிகாரி ஒருவர் வந்தார். சாந்தமான முகம். பேணிக்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"பளிங்குன்னு சொல்லுங்க," என்றேன் சிவஞானம் அண்ணையிடம். அவர் சொன்னார்.

என்ன பளிங்கு என்று அதிகாரி கேட்டார்.

"ஃபெரோஎலெக்ட்ரிக்."

"அதைத் தமிழிலை சொல்லும். இங்கிலீசிலையிருந்து எனக்குச் சிங்களத்துக்குப் போகேலாது."

"அயமின் பொருள்."

"அயம் எண்டா?"

"இரும்பு. ஆனா..."

அவர் அந்த 'ஆனா'வுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பி அதிகாரியிடம் சொல்லிவிட்டார். எனக்குச் சிங்களம் தெரியாவிட்டாலும் அதிகாரியின் முகம் தெரிந்தது. பேணிக்குள் இரும்பு, மின்சாரம். கருவியை விடாத பெண். நடுவில் தாடி வைத்த அந்நியன் ஒருவன். சில நொடிகளில் துறையில் எங்கள் மூவரைத் தவிர ஒருவரும் இல்லை. எல்லோரும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். போகும்போது படகில் தேசிக்காய் தந்து, திரும்பும்போதும் கூட வந்த பெரியவர் அங்கிருந்து தலையை நீட்டி, "தம்பி, உண்மையைச் சொல்லிப் போடும்!" என்று கத்தினார்.

"அதுல இரும்பே கிடையாதுன்னு சொல்லுங்கண்ணே!"

"பேரிலை இரும்பு இருக்கு, சாமானிலை இல்லை எண்டு சொல்லவோ?"

"ஆமா!"

"நம்புவாங்களோ? நானே நம்பேல்லை."

மாநாடுகளில் கடினமான கேள்விகளைச் சந்தித்திருக்கிறேன். கேட்பவர்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்ததில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் அடுக்குகளைக் கீறினேன். அவற்றின் மேல் பாத்திகள், மேலே, கீழே, மேலே, கீழே என்று அம்புக்குறிகள். இது மெல்லிய பளிங்கு, இதில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் போட்டிருக்கிறது, அவை இன்னும் இருக்கின்றனவா என்று பார்க்க எடுத்துப் போகிறேன், அவ்வளவுதான் என்றேன்.

அண்ணை பேச ஆரம்பித்தார். நான் சொன்னதைப் போலப் பல மடங்கு நேரம் பேசினார். கைகளை விரித்தார், எதையோ மடித்தார், விரல்களுக்கு நடுவே தேய்த்துக் காட்டினார். மெல்ல மெல்ல அதிகாரியின் தோள் இறங்கியது. அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன கேட்கிறார்?"

"என்ன விலைக்கு விக்கிறீர் எண்டு."

"எதை?"

"சீலையை. அடுக்கி வைச்ச சீலை மாதிரி, உள்ளுக்கை மெல்லிசாக் கரை போட்டிருக்கு, கன வருசம் மடிச்சு வைச்சதிலை சாயம் போயிட்டுதோ எண்டு பாக்கப் போறார் எண்டு சொன்னனான். வேறை என்னெண்டு சொல்லுறது? பாதியிலை நீர் சீலை யாவாரி ஆகிப் போனீர். திருத்தப் போனால் பழையபடி இரும்புக்கு வரவேணும்."

பிறகு அதிகாரி இன்னொன்று கேட்டார். அண்ணை அதை மொழிபெயர்க்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மிசினைப் பிடிச்சால் சாயம் போகுமோ எண்டு கேக்கிறார்."

"போகாது. ஒண்ணும் ஆகாது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீர் பொறுப்போ?"

அந்தக் கருவியின் காந்தப்புலம் அந்தப் பளிங்கை ஒன்றும் செய்யாது என்பது எனக்கு என் பெயரைப்போலத் தெரியும். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் என் பெயரே கொஞ்சம் ஐயமாக இருந்தது.

"பொறுப்பு," என்றேன்.

அக்கா பேணியை நிலத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கருவி அலறியது. தகரப் பேணி அலறாமல் என்ன செய்யும்? அதிகாரி தானே குனிந்து மூடியைத் திறந்தார். வேப்பிலைச் சருகு, பஞ்சு, அதற்குள் ஒரு மருந்துக் குப்பி. குப்பிக்குள் மீன்செதில் போல நாலைந்து மஞ்சள் துண்டுகள். அவர் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த எல்லோரும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள்.

அதிகாரி ஒரு சொல் சொன்னார். "இதுவா?" என்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் ஊர்காவற்றுறைக்குப் போனோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டி, அதாவது எங்கள் ஊர் நுண்ணோக்கி, இருந்தது. விஞ்ஞான ரீச்சர் அன்போடு திறந்துவிட்டார். கண்ணாடியால் வெயிலை வாங்கும் பழைய கருவி. மின்விளக்கு இல்லாததில் அக்காவுக்குத் திருப்தி. நான் கொண்டுபோயிருந்த, ஒளியை வடிகட்டும் போலராய்டு தகடுகளை மேலும் கீழும் வைத்து, ஒரு துண்டை நடுவில் வைத்துக் குனிந்தேன். முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு கருமை, வெளிச்சம், கருமை, வெளிச்சம். அகலத்திலிருந்து ஒடுங்கி ஒடுங்கி, அந்தக் கருவியின் பார்வைக்கு எட்டாத மெல்லிசு வரைக்கும் கோடுகள் போயின. ஒரு போர் முழுக்க அவை அசையாமல் நின்றிருந்தன.

நான் ஏதோ கத்தியிருக்க வேண்டும். ரீச்சர் ஓடிவந்தார். அண்ணை பார்த்துவிட்டு, "சீலைதான்," என்றார். அக்கா தப்பான கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கலைஞ்சிருக்கோ?"

"இல்லைக்கா. அப்படியே இருக்கு."

"நேற்று அந்த மிசின் பிடிச்சதுக்குப் பிறகுமோ?"

"பிறகும்தான்."

"அப்ப கறண்டு உதை ஒண்டும் செய்யாது."

"கம்பியை அது மேலயே வெச்சாத்தான்."

அக்கா நேராகத் தொலைபேசிக் கடைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஜெர்மனியை எடுத்தார். வெளியே எங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கேட்டது.

"டேய், கறண்டு படக்கூடாது எண்டு ஏன் சொன்னனீ? ... ஆரும் அதிலை பற்றறி வைச்சு விளையாடிப் போடுவினம் எண்டோ? ... அதுக்குத்தானோ? அதுக்கு மட்டுந்தானோ? ... நான் கேக்கேல்லையோ? நீ ஏன்ரா சொல்லேல்லை?"

வெளியே வந்து துறைமுகத்தடியில் ஒரு கல்திட்டில் உட்கார்ந்தார். காரைநகர்ப் படகு புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"ஒருக்கால் ஷெல் விழேக்கை எல்லாரும் பங்கருக்குள்ளை ஓடிச்சினம்," என்றார். "நான் பேணியை எடுக்கத் திரும்பி ஓடினனான். இவர் என்ரை கொண்டையைப் பிடிச்சு இழுத்தவர். நான் இவரின்ரை கையைக் கடிச்சுப் போட்டுப் போனனான்."

அண்ணை வலக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு நிறுத்த முடியாமல். கண்ணைத் துடைக்கும்போது அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. அவர் ஓடி எடுத்திருக்காவிட்டால் உலகத்தில் இப்படி ஒரு பளிங்கே இருந்திருக்காது என்று ஆரம்பித்தேன்.

"உம்மடை விரிவுரையை விடும்," என்றார். "உதைக் கவனமாக் கொண்டு போம்." பேணியை என் மடியில் வைத்தார். பிறகு கணவரிடம், "நாளைக்குப் போய் லைற்றுக்கு எழுதிக் குடுத்திட்டு வாங்கோ," என்றார். அண்ணை நாளை வரை பொறுக்கவில்லை. அப்போதே எழுந்து போனார்.

திருச்சி விமான நிலையத்தில் பேணியை யாரும் கேட்கவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எங்கள் ஊசிமுனை நுண்ணோக்கியில் மெல்லிய கோடுகளைப் பார்த்து முடிக்க வெகுகாலம் பிடித்தது. கணக்குப் போட்டவர்கள் சொன்னதைவிட மெல்லியவைகூட நின்றிருந்தன. ஒரே ஒரு துண்டில், ஒரு மூலையில் மட்டும், ஆக மெல்லிய பாத்திகள் சில பக்கத்துப் பாத்தியோடு கலந்துவிட்டிருந்தன. எந்தப் பளிங்கிலும் அவ்வளவு நடக்கும். நானும் குலசிங்கமும் கட்டுரை எழுதி அனுப்பிய அன்று சரவணைக்குத் தொலைபேசினேன். அக்காதான் எடுத்தார். பின்னால் கிரிக்கெட் வர்ணனையும், விக்கெட் விழுந்த துக்கத்தில் சிவஞானம் அண்ணையின் குரலும் கேட்டன.

எல்லாம் சொன்னேன். ஒரு மூலையைத் தவிர மற்றதெல்லாம் பத்திரம் என்றேன்.

"எந்த மூலை?"

சொன்னேன்.

"அது கலைஞ்சது நான் வைச்சிருக்கேக்கையோ, நெடுந்தீவிலை இருக்கேக்கையோ?"

"அதைக் கண்டுபிடிக்க முடியாதுக்கா. தானாக் கலையுறதுதான். யார் மேலயும் தப்பில்ல."

பின்னால் அடுத்த விக்கெட்டும் விழுந்தது.

"பிலோமினா வீட்டிலை ஒரு குட்டி ரேடியோ இருந்தது," என்றார் அக்கா. "அலுமாரிக்கு மேலை. நான் அண்டைக்கே கண்டனான்."